முதல் வெப்சைட்டும் ஒரு ‘இருக்கட்டுங்க’வும்

எனக்கு ஒரு இடத்துல பத்து நிமிசம் சேர்ந்தாப்புல உக்கார முடியாது. கால்ல சக்கரம் கட்டுனவளேன்னு அம்மா திட்டும். அப்பேர்ப்பட்டவ போய் வெப்சைட் செய்யற வேலைக்கு வந்தேன் பாருங்க! தொண்ணூறுகளோட கடைசி. சேலத்துல கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சுட்டு வந்து, ஏற்காட்டுல ஒரு எஸ்டிடி பூத்தோட பின்னறைய வாடகைக்கு எடுத்திருந்தேன். பனி இறங்குனா போன் லைன் போயிரும். மோடம் கீச்சு கீச்சுன்னு கத்தும், கடைசியில கனெக்சன் கிடைக்காது. நான் எந்திரிச்சு ரோட்டுக்கு ஒரு நடை, மறுபடி உள்ள ஒரு நடைன்னு அலைவேன்.

தனியா தொழில் பண்றவங்களுக்கு வெப்சைட் செய்யணும்னு எனக்கு ஆசை. கம்பெனிக்குச் செய்யறது சப்புன்னு இருக்கும். ஒத்தை ஆளா ஊர் ஊராப் போய் யோசனை சொல்றவங்களுக்குன்னு ஒரு கதை இருக்குமில்ல, அதை முதல் பக்கத்துல வெச்சா படிக்கறவன் நிப்பான்னு ஒரு வெளிநாட்டு சைட்ல படிச்சிருந்தேன். அதையே வேதவாக்கா எடுத்துக்கிட்டேன்.

முதல் ஆளா வந்தவரு வாழவந்திக்காரரு. நாப்பது வயசிருக்கும். நான் அண்ணான்னு கூப்பிடுவேன். ஒரு எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருந்தாரு, எஸ்டேட் கைமாறுனதும் வேலை போச்சு. அப்புறம் மொபெட்டுல சுத்தி, காபிச் செடிக்கு நோய் வந்தா பாத்து வழி சொல்லிக்கிட்டிருந்தாரு. நம்ம குடியானவங்க கொடுக்கறத வெச்சு ஊட்டை ஓட்ட முடியலை. அப்பத்தான் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி வெச்சிருக்கற ஒருத்தரு கொட்டச்சேட்டுல எஸ்டேட் வாங்குனாரு. வருசம் பூராவும் தோட்டத்தப் பாத்து யோசனை சொல்ல அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. வேலை கேட்டுப் போனது இவரு ஒண்ணு, குடகுல இருந்து இன்னொருத்தரு. ரெண்டு பேருகிட்டயும் அவரு கேட்டது ஒண்ணேதான்: “வெப்சைட் இருக்கா?”

“இது கிடைக்கலைன்னா ஊட்டைப் பூட்டிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதானுங்க. மச்சான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. எனக்கு அந்தச் சூட்டுல ஒரு நாள் தாங்காதுங்க,” அப்படின்னாரு.

கதை கேக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு. எத்தனை வருச அனுபவம்னு கேட்டா, “என்னமோ பாத்துக்கிட்டிருக்கேனுங்க.” பெருசா என்ன சாதிச்சீங்கன்னா, “அதெல்லாம் என்னத்தைங்க.” எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கடைசியில அவரு மொபெட்டு பின்னாடியே உக்காந்து செம்மநத்தம் போனேன். அங்க ஒரு குடியானவரு, இலையெல்லாம் மஞ்சளாச்சுன்னு தோட்டம் பூராவும் வெட்டிப்போடப் போனாராம். இவரு நாலு நாள் செடி செடியா உக்காந்து, உள்ளங்கையால தண்டைத் தடவி, புழு உள்ள போன தடிப்பு தட்டுப்படுற செடியில மட்டும் சுண்ணாம்பால அடையாளம் வெச்சிருக்காரு. அதை மட்டும் புடுங்கி எரிச்சாங்க. மத்ததெல்லாம் இன்னிக்கும் காய்ச்சுக்கிட்டு நிக்குது. “இவரு இல்லைன்னா நான் இந்நேரம் மூட்டை தூக்கிக்கிட்டிருப்பேன்,” அப்படின்னு அந்தக் குடியானவரு சொன்னாரு.

“எப்படிங்கண்ணா கண்டுபிடிக்கறீங்க?”

“எனக்கு என்னங்க தெரியும், கண்ணு? செடி சொல்லுது, நான் கேக்கறேன்.”

அடடா! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. வந்த வேகத்துல உக்காந்து பக்கத்தைக் கட்டுனேன். பச்சைப் பின்னணி, அவரு தண்டைத் தடவுற போட்டோ, கீழ செம்மநத்தம் கதை. எல்லாத்துக்கும் மேல, கொட்டை எழுத்துல, அவரு சொன்னதையே அப்படியே இங்கிலீசுல: எனக்கு என்ன தெரியும்? செடி சொல்லுது, நான் கேக்கறேன்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டுனேன், ஒவ்வொரு வரியா அர்த்தம் சொன்னேன். போட்டோவப் பாத்து வெக்கப்பட்டாரு. மேல இருந்த வரியையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு.

“இந்த வரிய மேலயே வெச்சுக்கட்டுங்களாண்ணா?”

“இருக்கட்டுங்க,” அப்படின்னாரு.

அன்னிக்கு அதிசயமா லைன் நல்லா இருந்துச்சு. ஏத்திவிட்டு, பெங்களூர்க்காரருக்கும் பாக்கச் சொல்லி ஒரு மெயில் போட்டுட்டேன். பூத்துக்கு வந்த, எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் ஒருத்தரு எட்டிப் பாத்துட்டு, “அட, அவரே பேசற மாதிரி இருக்குதுங்க!” அப்படின்னு சிரிச்சாரு. எனக்குத் தலைகால் புரியலை.

பத்து நாள் பதில் இல்லை. நாளைக்கு நாலு தடவை மெயிலைத் திறந்து பாப்பேன், மூடுவேன். பதினோராம் நாள் பெங்களூர்ல இருந்து வந்துச்சு. ‘நேர்மையா எழுதியிருக்கீங்க, நன்றி. ஆனா எங்களுக்கு விசயம் தெரிஞ்ச ஆள்தான் வேணும். குடகுக்காரரையே வெச்சுக்கிட்டோம்.’ அவ்வளவுதான். பெங்களூர்க்காரனுக்கு என்ன தெரியும், மரமண்டைன்னு வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே வாழவந்தி பஸ் ஏறுனேன்.

பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா ஆரஞ்சு உரிச்சு ரெண்டு சுளை நீட்டுச்சு. “இருக்கட்டுங்க,” அப்படின்னேன். அந்தம்மா சரின்னு கையை இழுத்துக்கிச்சு. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இருக்கட்டுங்கன்னா எங்க பக்கத்துல வேண்டாம்னுதான் அர்த்தம். காபி நீட்டுனா, இலையில சோறு வைக்க வந்தா, தெனமும் நானே சொல்ற வார்த்தை அது. அன்னிக்கு அந்த மனுசன் நாசூக்கா வேண்டாம்னு சொல்லியிருக்காரு. எனக்கு என் வரி மேல இருந்த மோகத்துல, வெச்சுக்கங்கன்னு சொன்னதாக் காதுல வாங்கிக்கிட்டேன். இறங்கித் திரும்பிப் போயிறலாமான்னு ரெண்டு ஸ்டாப்புல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன்.

அவரு ஊட்டு வாசல்ல சாமான் கட்டிக்கிட்டிருந்தாரு. நான் மெயில் பிரிண்டை எடுக்கறதுக்குள்ள, “தெரியுமுங்க. பெங்களூர்க்காரரு போன வாரமே போன் பண்ணிட்டாருங்க,” அப்படின்னாரு.

“தப்பு என்னுதுங்கண்ணா. நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்குப் புரியலை.”

“உங்க மேல என்னங்க தப்பு? அவரு நல்ல மனுசன், வேலைய எனக்கே குடுக்கற மாதிரிதான் பேசுனாரு. தெரியாதுன்னு போட்டிருக்கே, நெசமாவே தெரியாதான்னு ஒரு வார்த்தை கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஏதோ கொஞ்சம் பாப்பேனுங்கன்னு சொன்னேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துல கத்தியே போட்டேன். “நொம்ப நல்லாத் தெரியும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானுங்களே! செம்மநத்தத்தைச் சொல்லியிருக்கலாமில்ல? அந்த ஒரு வார்த்தை சொல்லாததுக்கு இப்படிக் குடும்பத்தையே கிளப்பிக்கிட்டுப் போகணுமா?”

அவரு கயித்தை விட்டுட்டு நிமிந்து என்னையப் பாத்தாரு. கோவமே இல்லை. நெசமாவே புரியாம கேட்டாரு.

“நம்மளப் பத்தி நம்ம வாயாலயே எப்படிங்க கண்ணு சொல்றது? அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்.”

அந்த வாரக் கடைசியில அவங்க திருப்பூர் போயிட்டாங்க. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்கூடப் போகலை. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?