அப்பாதான் பண்ணாரு

எங்கள் தெருவிலேயே முதன்முதலில் ஹீட்டர் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். திண்டிவனத்தில் அம்மா சமையல் வேலை பார்த்த பெண்கள் விடுதியில் புது ஹீட்டர்கள் மாட்டியபோது, கழற்றிப் போட்ட பழையதில் ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அப்பா அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, நேர்வழியில் வராமல், நாலு பேர் பார்க்கும்படி கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவளுக்கு விரல் மூட்டுகளில் எப்போதும் வீக்கம். பனிக்காலத்தில் பச்சைத் தண்ணீரைத் தொட்டால் விரல்கள் மடங்காது. கரண்டியைப் பிடிக்க முடியாமல் அடுப்பில் கையைக் காட்டிக் காட்டிச் சமைப்பாள். ஹீட்டர் வந்தபிறகு ஒரு மாதம் அவள் கைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு அது ஒழுக ஆரம்பித்தது.

ஹீட்டருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகிற குழாயில், சின்ன மூக்கு வைத்த வால்வு ஒன்று இருந்தது. தண்ணீர் சூடாகும்போதெல்லாம் அந்த மூக்கு வழியாகச் சொட்டும். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூல் பிடித்தாற்போல. அப்பா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போனார். எலக்ட்ரீஷியன் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னதும் அவருக்கு வேறு வேலைகள் ஞாபகத்துக்கு வந்துவிடும். நாளைக்கு வருகிறேன் என்பார். அப்பா மூன்று நாள் போய்ப் பார்த்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தானே ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

அப்பா அரிசி மில்லில் மெஷின் ஓட்டினார். எங்கே எண்ணெய் ஒழுகினாலும் அடைப்பது அவர் வேலை. ஆகையால் ஒழுகுகிற இடத்தை அடைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வால்வின் மூக்கில் ஒரு ஸ்குரூவை முறுக்கி, அதன்மேல் பசையைப் பிசைந்து அப்பினார். இன்னொரு குறையும் இருந்தது. தண்ணீர் நன்றாகச் சூடாவதற்குள் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். சூடு அளவைத் தாண்டினால் கரண்டை நிறுத்துகிற ஒரு சின்னச் சாமான் உள்ளே இருந்தது. அதையும் கழற்றி வைத்துவிட்டு, ஒயர்களை நேராக முறுக்கி இணைத்தார்.

அம்மா கழற்றி வைத்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கோ ஒண்ணுக்குத்தான இத்த வெச்சிருப்பாங்க. வேணாங்க, உட்டுடுங்க. நான் பச்சத்தண்ணியிலயே குளிச்சிக்கினு போறேன்."

"கையி மடங்காம நீ அழுவறத நான்தான பாத்துக்கினு கீறேன். நீ சும்மா இரு."

பேச்சு வளர்ந்தது. அம்மா ஸ்பானரைப் பிடுங்கப் பார்த்தாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டுக் கத்தினார். எங்கள் வீட்டில் அப்படிச் சத்தம் கேட்பது அபூர்வம். பக்கத்து வீட்டில் டிவியின் ஒலியைக் குறைத்தார்கள்.

அன்று சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மூன்று நாளும் அம்மா பத்து நிமிடம் போட்டுவிட்டு அணைத்துக் குளித்தாள். நான்காம் நாள், ஹீட்டரைப் போட்ட கையோடு, விடுதியிலிருந்து போன் வந்தது. இன்னொரு சமையல்காரி வரவில்லை, அரிசி எவ்வளவு ஊறப்போடுவது என்று என்னென்னவோ கேட்டார்கள். பேசி முடிக்க வெகுநேரம் ஆகிவிட்டது. அதன்பிறகு அவசரமாகக் குளிக்கப் போனாள்.

லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். குளியலறையிலிருந்து ஆவி வீடு முழுக்க வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அம்மா குனிந்தபடி வெளியே வந்தாள். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாவாடை அவள் முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்தும் ஒரு பக்கத்துத் தோளும் தோலுரிந்து வேறு நிறமாக இருந்தன. அப்பா குடத்துத் தண்ணீரை எடுத்து அவள்மேல் ஊற்றினார். குடம் காலியானபிறகும் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார். தெருக்காரர் ஒருவர்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

திண்டிவனத்தில் மருந்து போட்டு, ஆம்புலன்சில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விக்கிரவாண்டியிலிருந்து பெரியம்மா ஓடிவந்தாள். அம்மாவின் அக்கா. அப்பாவை அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது.

கல்யாணமான பெண் வெந்துபோய் வந்தால் போலீஸ் வந்து விசாரிக்கும் என்பது எனக்குத் தெரியாது. மதியம் ஒரு போலீஸ்காரம்மா வந்தார். அம்மா மருந்து மயக்கத்தில் இருந்தாள். அப்பா மருந்து வாங்க வெளியே போயிருந்தார். பெரியம்மாதான் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம பெரிய சண்டையாங்க. பக்கத்து வூட்ல சொல்றாங்க. கைய கூட நீட்டியிருக்கான்."

போலீஸ்காரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அம்மாக்கு இப்பிடி ஆயிடிச்சே, யாரு பாப்பா பண்ணது?"

"அப்பாதான் பண்ணாரு."

"தெரியாம பண்ணிட்டாரா, வேணும்னே பண்ணாரா?"

நான் நன்றாக யோசித்தேன். தெரியாமல் என்று சொல்ல முடியாது. அம்மா அவ்வளவு தூரம் சொன்னாளே.

"அம்மா வேணாம் வேணாம்னு சொன்னாங்க. அப்பா கேக்கல. கத்தனாரு."

ஹீட்டர் என்ற சொல் அந்தப் பேச்சில் வரவே இல்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். போலீஸ்காரம்மா என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அப்பா மருந்துப் பையோடு வந்தபோது, பையைப் பெரியம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிப் போனார்கள்.

ஸ்டேஷனில் அப்பா ஹீட்டர் வெடித்ததைச் சொல்லியிருக்கிறார். "உம் பொண்ணே சொல்லுதுய்யா" என்று அவர்கள் சொன்னபிறகு அவர் அதையும் சொல்லவில்லையாம். "நான்தான் சார் பண்ணேன்" என்று மட்டும் சொன்னாராம். இது பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அம்மா கண்விழித்தாள். அவர் எங்கே என்று கேட்டாள். பெரியம்மா சொன்னதைக் கேட்டதும், அந்தக் கழுத்தோடு எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "மொதல்ல வூட்ல போயி அந்த ஹீட்டர பாக்கச் சொல்லு அவங்கள" என்றாள். போலீஸ்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் அடிப்பக்கம் பிய்ந்துபோன ஹீட்டரும் வால்வின் மூக்கை அடைத்திருந்த பசையும் அப்படியே இருந்தன.

அன்று மாலை அப்பா வார்டுக்கு வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. காலில் செருப்பு இல்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா தன் வீங்கிய விரல்களால் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிடப் பார்த்தாள். முடியவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

அம்மா பிழைத்துவிட்டாள். இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடுதான் திரும்புவாள்.

மாற்றுத்துணி எடுத்துவர அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார். நான் ஜன்னல் ஓரம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது கேட்டார்.

"அந்த போலீஸ்காரம்மா உன்ன மெரட்டனாங்களா பாப்பா?"

"இல்லப்பா. நல்லாதான் பேசனாங்க."

பஸ் நகர்ந்தது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி கேட்டார்.

"பெரியம்மா எதுனா சொல்லிக் குடுத்தாங்களா, இப்பிடிச் சொல்லு அப்பிடிச் சொல்லுன்னு?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானேதான் சொன்னேன்."

சரியான பதிலைச் சொல்லிவிட்ட பெருமை என் குரலில் இருந்திருக்க வேண்டும். அப்பா சரி என்பதுபோலத் தலையாட்டினார். தூங்கு என்று என்னை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் தூங்கிவிட்டேன். அந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது நான் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்றுதான் அவர் கேட்டார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.