மச்சான் எழுதிய பக்கம்

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் யாராவது புதிதாகப் பெயர் பதிந்துகொண்டு ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூட அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் அவர் பெயர் வந்துவிடும். பெயருக்குப் பக்கத்தில் 'பேச்சு' என்ற சொல் சிவப்பாக இருக்கும். அவரிடம் இன்னும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அதற்கு அர்த்தம். யாராவது போய் வணக்கம் வைத்தால் சிவப்பு நீலமாகிவிடும். அந்தச் சிவப்பைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஓடிப் போய் வரவேற்புச் செய்தியைப் போட்டுவிட்டு, அதன் கீழே என் கையால் இரண்டு வரி தனியாக எழுதுவேன். நீங்கள் திருத்தியதைப் பார்த்தேன், நன்றி, சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள் என்கிற மாதிரி. கடல் கடந்த நாடுகளிலிருந்தெல்லாம் பதில் வரும். அதைப் படித்துக்கொண்டே சோறு ஆறிப்போக உட்கார்ந்திருப்பேன்.

பகலில் என் வேலை வேறு மாதிரி. ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தர ஆய்வு. வருகிற உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ரீவொர்க் என்று மறுபடி செய்யத் தள்ளிவைப்பது. எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. சப்ளையர்கள் என் ஷிஃப்ட் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். "ஃபேக்டரில எல்லாரையும் கடிச்சுட்டு வந்து இங்க வணக்கம் போடறீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

புதியவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று எங்கள் பொது உரையாடல் பக்கத்தில் நான் ஒரு நீண்ட குறிப்புகூட எழுதியிருந்தேன். முதல் கட்டுரையில் உடனே கை வைக்காதீர்கள், பிழை இருந்தால் இருக்கட்டும், ஒரு வாரம் போகட்டும், முதலில் நன்றி சொல்லுங்கள் என்று. எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். யாராவது அவசரப்பட்டுப் புதியவர் ஒருவரின் பக்கத்தை வெட்டினால் என் குறிப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது எனக்கு.

உலகம் முழுக்கத் தொழில் படுத்த வருஷம் அது. ஓசூரில் முதலில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். பிறகு சில கம்பெனிகளில் வருஷக்கணக்காக இருந்தவர்களையும் அனுப்பினார்கள். ஷிஃப்ட் பஸ்கள் பாதி காலியாக ஓடின. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், வேறொரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தவர். அவருக்கும் வேலை போயிற்று. மனைவியும் மகளும் சாமல்பட்டியில் இருக்க, இவர் ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ரூமைக் காலி செய்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான்தான் வற்புறுத்தி அழைத்தேன்.

எங்கள் வீட்டில் அவர் இருப்பதே தெரியாமல் இருக்கப் பார்த்தார். டிவியை ஊமையாக வைத்துப் பார்ப்பார். மேல்வீட்டு ஓனர் அம்மாவின் கன்னட சீரியல்தான் எங்கள் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கும். நான் வேலையிலிருந்து வரும் நேரம் தெரிந்துகொண்டு, அதற்குக் கொஞ்சம் முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இரண்டாவது முறை குழம்பு கேட்க மாட்டார். தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் என் மனைவி அடுப்படியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் கரைஞ்சு போயிட்டு இருக்குது. தான் எதுக்கும் ஆவமாட்டேன்னு நெனைக்குது. ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல சொல்லிக் குடுக்கறீங்களே, அதுக்கும் சொல்லிக் குடுங்களேன்."

சொல்லிக் கொடுத்தேன். தமிழில் தட்டச்சு செய்ய ஒற்றை விரலால் பழகினார். ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் வருவதைப் பார்த்து முதல் நாள் சிரித்தார். வேலை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எதைப் பற்றி எழுதலாம் என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், உங்கள் ஊரைப் பற்றி இன்னும் பக்கமே இல்லை என்றேன். "ஊரப் பத்தி நான் எழுதி யாரு மாப்ள படிப்பாங்க?" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டார். கரண்ட் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த நாற்காலியில்தான். நான் வீடு திரும்பும்போது வெளியே போவதை நிறுத்தினார். குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

நானும் குஷியில் இருந்தேன். என் வீட்டிலிருந்து ஒருவர் எழுத வருகிறார் என்று கலைக்களஞ்சிய நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். ஆனால் ஒன்று. அவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போய் நான் வரவேற்புப் போடவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிறவருக்கு எதற்கு வரவேற்பு என்று விட்டுவிட்டேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அப்படியே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவர் கட்டுரை முடிந்துவிட்டது என்றார். ஊருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வரும்படி மனைவியிடம் சொன்னார். கிருஷ்ணகிரி வந்து பஸ் மாறி வர வேண்டும். எதற்கு இந்த அலைச்சல் என்று அந்த அக்கா கேட்டிருப்பார்போல. "வா, ஒண்ணு காட்றேன்" என்று மட்டும் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

ஞாயிறு காலை அவர்களைக் கூட்டிவர மச்சான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் கட்டுரையை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன்.

'சாமல்பட்டி எங்கள் ஊர்' என்று தொடங்கியது. கலைக்களஞ்சியத்தில் எங்கள், நாங்கள் என்றெல்லாம் எழுதக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான பக்கம், யாருடைய ஊரும் இல்லை. ஆதாரம் காட்டாமல் எதையும் சொல்லக் கூடாது. இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வைத்திருந்தேன். படிக்கப் படிக்க எனக்குள் ஆய்வாளன் விழித்துக்கொண்டான். அதைவிட மோசமான ஒன்றும் விழித்தது. வீட்டிலிருந்து ஆள் வருகிறார் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேனே, இதைப் பார்த்தால் அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வேறு யாராவது வந்து 'இந்தக் கட்டுரை தரமாக இல்லை' என்று தலையில் ஒட்டிவிட்டுப் போனால்? மச்சானின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். நான் காப்பாற்றப் பார்த்தது என் மானத்தைத்தான்.

முதல் வரியை மாற்றினேன். 'சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டத்தில் அமைந்துள்ள ஓர் ஊராகும்.' வலப்பக்கத்தில் மாவட்டம், வட்டம், நேர வலயம் என்று ஒரு பெட்டி வைத்தேன். துணைத் தலைப்புகள் போட்டேன். ஆதாரம் இல்லாத வரிகளை எடுத்தேன். எடுத்துக்கொண்டே போனதில், கடைசியில் அவருடையது என்று தலைப்பைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. புதியவர்களின் முதல் கட்டுரையில் கை வைக்காதே என்று ஊருக்கெல்லாம் எழுதிய ஆள் நான். அது நினைவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. வீட்டு ஆள்தானே, என்னைத் தப்பாக நினைக்கமாட்டார் என்று சேமித்துவிட்டேன். பக்கம் அழகாக இருந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். காபி குடித்து முடிக்கும் வரைக்கும்கூட மச்சானுக்குப் பொறுமை இல்லை. மகளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் தோளுக்கு மேலாக எட்டி ஒற்றை விரலால் ஊர்ப் பெயரைத் தட்டினார். பக்கம் திறந்தது. அவர் கை அப்படியே விசைப்பலகையின் மேல் நின்றது. முதலில் வேறு ஏதோ பக்கத்தைத் திறந்துவிட்டோம் என்று நினைத்தார் என்று நினைக்கிறேன். மேலே போய் ஊர்ப் பெயரை மறுபடியும் பார்த்தார்.

மகள் சத்தமாகப் படித்தாள். அமைந்துள்ள ஓர் ஊராகும், நேர வலயம் எல்லாம் படித்துவிட்டு, "நீ எழுதுனது எங்கப்பா?" என்று கேட்டாள்.

"மாமா எழுதியிருக்காரு பாரும்மா, எவ்ளோ சுத்தமா இருக்குது" என்றார் மச்சான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்போதே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எங்கள் கலைக்களஞ்சியக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எதுவும் அழியாது, எல்லாம் பக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது என்று. அதைச் சொல்லியே எத்தனையோ பேரைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அதே சமாதானத்தைக் கையில் எடுத்தேன். அப்பா எழுதியதுதான் முதலில், அவர் பெயரே இருக்கிறது பார் என்று வரலாற்றைத் திறந்து, இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடும் பக்கத்தை அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன்.

அந்தப் பக்கத்தில் பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம். மாறிய இடமெல்லாம் சிவப்பில் தெரியும். இடது பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவளுக்குச் சிவப்பு மைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். "இதெல்லாம் தப்பாப்பா?" என்றாள். கேட்டுவிட்டு இடது பக்கத்தையே படிக்கத் தொடங்கினாள்.

'எங்கள் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்காது. நிற்காத ரயில் வரும்போது நாங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்போம். மழை பெய்தால் ராகியும் கடலையும் போடுவோம். மழை இல்லாவிட்டால் ஆண்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போவார்கள். வேலை இல்லாவிட்டால் ஊர் இருக்கிறது.'

அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி உள்ளே போய்விட்டாள். அந்த அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். "போதும்மா, எழுந்திரு, மாமாவுக்கு வேல இருக்கும்" என்றார் மச்சான். கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியும் அவருக்கு. ஆனாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அணைத்தார்.

சாயந்திரம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு அவர் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், நான் செய்தது தப்பு மச்சான் என்றேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, என்ன மாப்ள நீங்க. நான் கண்டதெல்லாம் எழுதி வெச்சு, லீவு நாள்ல உங்களுக்கு அது ஒரு ரீவொர்க். நான்தான் உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கப் போய் அவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டு வந்த மாதிரி ஆயிற்று.

மறுநாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் என் மாற்றங்களையெல்லாம் நீக்கி அவர் எழுதியதைத் திருப்பிப் போட்டேன். சாயந்திரம் வந்து பார்த்தால், வேறொரு நண்பர், ரொம்ப நல்லவர், விதிப்படி அதை நீக்கிவிட்டு என்னுடையதை மறுபடியும் வைத்திருந்தார். தவறுதலாகப் பழைய பதிப்புக்குப் போய்விட்டதுபோல் தெரிகிறது, சரிசெய்துவிட்டேன் என்று எனக்கு அன்பாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அவரோடு நான் சண்டை போடவில்லை. விதி அவர் பக்கம் இருந்தது. அது நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விதியும்கூட.

அதே நாளில் கனடாவில் இருக்கும் ஓர் அம்மா மச்சானின் பேச்சுப் பக்கத்தில் வரவேற்பு எழுதியிருந்தார். 'உங்கள் பழைய பதிப்பையும் படித்தேன். நிற்காத ரயிலைப் பற்றிய வரி எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு இங்கே இடமில்லாமல் போனாலும் நீங்கள் நிறைய எழுத வேண்டும்.' நான் சொல்லியிருக்க வேண்டியதை, என் மச்சானின் முகத்தையே பார்த்திராத ஒருவர் சொல்லிவிட்டார். அதைப் படித்துக்காட்ட மச்சானைக் கூப்பிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னேன். நல்லா இருக்கட்டும் அவங்க என்றார். டிவி மறுபடியும் ஊமையாயிற்று.

மழைக்காலம் தொடங்கும் முன்னால் அவருக்கு அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். ஞாயிறுகளில் வாங்க மச்சான், இன்னும் எழுதலாம் என்றேன். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன்.

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இல்ல மாப்ள. எனக்குத் தெரிஞ்சது எங்க ஊர் ஒண்ணுதான். அதையும் நீங்களே எழுதிட்டீங்க."

அதைக் குறையாக அவர் சொல்லவில்லை. என்னைப் பெருமைப்படுத்துகிறதாக நினைத்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.