அக்கா பேசிய நாற்பத்தொரு நிமிடங்கள்

அன்று எங்கள் லிட்கம் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். அக்கா, நான், என் மனைவி, எங்கள் மகள் துளசி, மெல்பேர்ன் ரோவிலிலிருந்து வந்திருந்த டீச்சர், டீச்சரின் மருமகன். மருமகன்தான் தன் போனை மேசையில் வைத்து அக்கா பேசுவதைப் பதிவு செய்தவர். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மனைவியிடம் இரண்டு தடவை கேட்டேன். ஆறு பேர்தான். பின்னால் யாராவது சாட்சி கேட்டால் இந்த ஆறு பேரைத்தான் கேட்க வேண்டும். அதில் ஒருவர் இப்போது இல்லை.

அக்காவின் ஓராண்டு நினைவில் இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களே, நண்பர்களே, நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். அந்தப் பயத்திலேயே நான்கு மாதம் இதை எழுதாமல் இழுத்தடித்தேன்.

அக்கா பிறந்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அம்மாவுக்கு நெஞ்சு நோய். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். தோட்டத்துக் கடைக்காரர் ஒருவர் அப்பாவிடம் சொன்னாராம்: யாழ்ப்பாணத்தில் நல்ல குடும்பம், சின்னச் சின்ன வீட்டு வேலைதான், பிள்ளையைப் பள்ளிக்கூடமும் அனுப்புவார்கள் என்று. அக்காவுக்கு எட்டு வயது, எனக்கு மூன்று. அப்பா ரயிலில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எனக்குத் தினமும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கிடைத்தது என்று அம்மா சொல்வார். அம்மா அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

அந்த வீட்டின் ஒரே மகள்தான் டீச்சர். அப்போது அவருக்கும் மூன்று வயது. அக்கா அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தார், ‘சின்னம்மா’ என்று கூப்பிட்டார். குசினியில் அம்மிக்குப் பக்கத்தில் படுத்து எழும்பினார். சின்னம்மா பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்புவார். “நானும் படிச்சவதான்டா, கேட்டு வரைக்கும்” என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பதினொரு வருடம் கழித்து, அம்மா கண்மூடப் போகிறார் என்றபோது அப்பா போய்க் கூட்டி வந்தார். லயத்து வாசலில், உள்ளே வா என்று யாராவது சொல்லும் வரை அக்கா நின்றுகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தன் சொந்த வீட்டு வாசலில்.

பிறகு வவுனியா, இடப்பெயர்வுகள், முகாம். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கரையேற்றினார். நான் இங்கே வந்து பதினான்கு வருடம் கழித்துத்தான் அவரைக் கூப்பிட முடிந்தது. அதற்கு முன்பே டீச்சரை ஒரு கோயில் திருவிழாவில் சந்தித்திருந்தேன். அக்காவின் விசா விண்ணப்பத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. மறக்காததுதான் வினையாகப் போயிற்று.

லிட்கம் வீட்டில் அக்கா ஒருநாளும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கரண்டியோ தம்ளரோ எங்கேயாவது தட்டுப்பட்டுச் சத்தம் வந்தால், யாரும் கூப்பிடாமலே “வந்துட்டேங்க” என்பார். மகள் கையைப் பிடித்து இழுப்பாள். “யாரும் கூப்பிடல அத்தை, சிட் டவுன்.” அக்கா வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

அன்று டீச்சர் வந்தது, காலமான தம் தாயாருக்கு நினைவு மலர் போடுவதற்காக. அக்காவின் வாக்கும் அதில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் அக்காவுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன். அக்கா அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அறுபது வயது தாண்டியவரைத் தரையில் இருத்திவிட்டு நாங்கள் எல்லோரும் மேலே இருந்தோம். அன்று அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த மலரில் அக்காவின் பெயரில் வந்தது நான்கு வரி. ‘எனக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். உண்ணவும் உடுக்கவும் தந்தார்கள். அந்த அம்மா எனக்குத் தெய்வம்.’

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில், துளசியிடம் அக்கா வேறு மாதிரிப் பேசியிருக்கிறார். மணிக்கட்டில் இருந்த தழும்பு அடுப்பில் பட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். பால் பொங்கி வழிந்ததற்காக அந்த அம்மா சுட்ட கரண்டியை வைத்தது என்று மகளிடம் சொன்னாராம். அதே மூச்சில், “பொறகு அவங்களே மருந்து போட்டாங்க. போட்டுக்கிட்டே அழுதாங்க” என்றும் சொன்னாராம்.

மகள் நேராகவே கேட்டிருக்கிறாள். “அத்தை, நீங்க அடிமையா இருந்தீங்களா?”

“அடிமைன்னா சங்கிலி போடுவாங்கல்ல? எனக்குக் கதவு தொறந்துதான் இருந்துச்சு. போறதுக்குத்தான் எடம் தெரியல.”

இந்த மலர் வரப்போகிறது என்று தெரிந்ததும் டீச்சர் போன் எடுத்தார். பழைய மலரில் வந்த பக்கத்தை அப்படியே இதிலும் போடச் சொன்னார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“தம்பி, அது உங்கட அக்கா தன்ர வாயால சொன்னது. என்னட்ட ரெக்கோடிங் இருக்கு.”

துளசி பக்கத்திலிருந்து தழும்பைப் பற்றிச் சொன்னாள்.

“என்ர அம்மா அப்பிடிச் செய்திருக்க மாட்டா, பிள்ளை. வருத்தக்காரர் மருந்து மயக்கத்தில என்னவும் சொல்லுவினம். அவள் சாப்பிட்ட சோறுதான் நாங்களும் சாப்பிட்டனாங்கள்.”

“எப்ப சாப்பிட்டாங்க ஆன்ட்டி? உங்களுக்கு முன்னாடியா, அப்புறமா?”

அந்தப் பக்கம் டீச்சர் அழுதார். “அவள்தானே என்னைத் தூக்கி வளர்த்தவள். எனக்கு மட்டும் நோகாதோ?” அதுவும் பொய்யில்லை. அந்த அம்மா இறந்த செய்தி வந்த அன்று அக்காவும் சாப்பிடாமல் இருந்து அழுதார். நான் பார்த்தேன்.

யாரை நம்புவது என்று எனக்குத் தூக்கம் போயிற்று. நான்கு வரியைப் போட்டால் ஆஸ்பத்திரியில் பேசிய அக்காவைப் பொய்யாக்குகிறேன். போடாவிட்டால் அன்று தரையில் இருந்து பேசிய அக்காவைப் பொய்யாக்குகிறேன். கடைசியில் டீச்சரின் மருமகனிடம் முழுப் பதிவையும் கேட்டு வாங்கினேன். நாற்பத்தொரு நிமிடம். வேலை செய்யும் பண்டகசாலையின் கார் நிறுத்துமிடத்தில், மதியச் சாப்பாட்டு வேளையில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டேன்.

யாரோ கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் வரும். அக்கா பேச்சை நிறுத்தி “வந்துட்டேங்க” என்பார். பதிவில் அது ஆறு இடத்தில் இருக்கிறது.

ஆனால் பேட்டி தொடங்கும் முன்னமே போன் ஓடத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில், தூரத்தில், குசினிப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல். “அக்கா, நல்லதையே சொல்லு. வீட்டுக்கு வந்தவங்க. அவங்க குடுத்த கடுதாசியாலதான் நீ இங்க இருக்க.”

அது என் குரல்.

“சரிடா, அத எனக்குச் சொல்லித் தரணுமா? தேத்தண்ணிய மொதல்ல கொண்டு போ, ஆறுது.”

துளசியிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சரின் மருமகன் தன் மனைவிக்குப் பதிவை அனுப்ப, அவள் மூலம் துளசி அதை ஏற்கனவே கேட்டிருக்கிறாள். அப்பா தாங்கமாட்டார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆகவே உங்கள் எல்லோர் முன்னிலும் எழுதுகிறேன். அந்த நான்கு வரி அக்கா தானாகச் சொன்னதா, நான் சொல்லச் சொன்னதா என்று இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அந்தப் பக்கத்தை அக்காவின் வாக்காக நான் இந்த மலரில் போடவில்லை. டீச்சர் என்னை மன்னிக்க வேண்டும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி இல்லை. இன்றைக்கும் வீட்டில் தம்ளர் தட்டுப்பட்டால் நான் குசினியைத் திரும்பிப் பார்க்கிறேன்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் கேட்காமல், அக்கா தானாகப் பேசியது பதிவின் கடைசி நிமிடத்தில் இருக்கிறது. “காணும், நிப்பாட்டுங்கோ” என்று டீச்சர் சொன்ன பிறகும் போன் ஓடியிருக்கிறது. நான் அவர்களை ஸ்டேஷனில் விடக் காரை எடுக்கப் போயிருந்தேன்.

“சின்னம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? என் சம்பளத்த ஐயா சேத்து வைக்கிறதா எங்க அப்பாகிட்ட சொன்னாங்க. மாசம் பதினஞ்சு ரூவா. போறப்ப மொத்தமாத் தர்றதா. அது எங்கயாச்சும் எழுதியிருக்குங்களா?”

“அது அப்பாவின்ர காலத்துக் கதையடி. எனக்கென்ன தெரியும்?”

“இல்ல, சும்மா கேட்டேன். பலகாரம் எடுத்துக்கங்க.”

அக்காவைக் கடைசி வரை பார்த்த தாதிமாருக்கும், பிரேதம் எடுத்த நாளில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது என்று தெரிந்து சோறு கொண்டுவந்த மேல்மாடிக் குடும்பத்துக்கும், செலவுக்குப் பணம் சேர்த்துத் தந்த என் வேலைத்தளத் தோழர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ரோவிலிலிருந்து வந்து நின்ற டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்கா யாருக்கும் ஒரு சதம் பாக்கி வைத்துப் போகவில்லை; மருந்துக்கடை வரை போய் விசாரித்துவிட்டேன். அந்தச் சம்பளத்துக்கு வட்டியும் சேர்க்க வேண்டும் என்கிறாள் மகள். அக்கா வட்டி கேட்கவில்லை. அக்காவுக்கு வர வேண்டியது, பதினொரு வருடத்துக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.