முதல் தண்ணீர்

தெர்யோவைப் போல வண்டி ஓட்ட எங்கள் தொண்டோ பேட்டையில் ஆள் கிடையாது. அவனைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள், அப்படிப்பட்டவர்கள் நிறையவே உண்டு. பன்னிரண்டு வருஷம் ஜீப்னி என்கிற குட்டி பஸ் ஓட்டியவன். ஆள் நுழையவே யோசிக்கிற சந்தில் தீயணைப்பு வண்டியைத் திருப்புவான். அவன் பக்கத்தில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்த பம்ப்காரன் நான். பெயர் நார்சிங். அவனைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. சொல்லக் கூசவேண்டியவனும் நான்தான்.

எங்கள் தீயணைப்புப் படை அரசாங்கத்துடையது அல்ல. இரும்புக்கடை வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது, தலைவர் ஓங் முதலாளி. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, ஸ்டியரிங்கை வலமிருந்து இடத்துக்கு மாற்றி, ஊதா நிறம் அடித்தது. இப்படி இந்த ஊரில் எத்தனையோ படைகள். எங்கே புகை தெரிந்தாலும் எல்லா வண்டிகளும் ஓடும். யார் முதலில் பீய்ச்சுகிறார்களோ அவர்கள் பெயரை ரேடியோவில் சொல்வார்கள்: முதல் தண்ணீர், இன்ன படை. நெருப்பை யார் அணைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதல் தண்ணீர் கிடைத்தால் ஓங் முதலாளி போட்டோவோடு பேனர் அடித்துக் கடை வாசலில் கட்டுவார்.

பச்சைப் படைக்காரர்கள் புது வண்டி வாங்கிய வருஷம், தொடர்ந்து ஐந்து தீயில் நாங்கள் பின்தங்கினோம். ஒரு நாள் எல்லாரும் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீ ஓட்டுவது தீயணைப்பு வண்டியா பிண வண்டியா என்று ஓங் முதலாளி தெர்யோவைக் கேட்டார். நாங்களும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள் காலையில் தெர்யோ என்னிடம் வந்தான்.

"நாலாயிரம் லிட்டரைச் சுமந்துக்கிட்டு ஓடுறோம்டா. முதல்ல போறவனுக்கு எதுக்கு நாலாயிரம்? நாம நனைச்சு வைப்போம். பின்னால வர்றவன் அணைக்கட்டும்."

டேங்கின் அடி வால்வைத் திறந்துவிட்டது என் கைதான். பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. அதன்பிறகு வந்த பதினொரு தீயில் ஒன்பதில் எங்களுக்குத்தான் முதல் தண்ணீர். பாதி டேங்க் நாலு நிமிஷம் வரும். இரண்டு நிமிஷத்தில் மற்ற வண்டிகள் வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தோம்.

அவன் மனைவி சாபிங்குக்கு மட்டும் இது தெரியாது. கால்வாய் ஓரச் சந்தில் மரவீட்டின் மாடியில் ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். எங்கள் அலைவரிசையைக் கேட்பதற்கென்றே பழைய ரேடியோப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். எங்கள் படை பெயர் வந்துவிட்டால் ஜன்னலில் தலையை நீட்டிச் சந்து முழுக்கச் சொல்வாள். என் புருஷன் போனால்தான் நெருப்புக்கே பயம் வருகிறது என்பாள். இவனும் அதைக் கேட்டு நெளிந்துகொண்டு நிற்பான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் மாதம், மதியம் இரண்டு மணி. ரேடியோவில் வந்த விலாசம் அவன் சந்து. டேங்க் பாதியில் நின்றது. நிரப்ப மூன்று நிமிஷம் ஆகும், நிரப்பட்டுமா என்றேன்.

"மூணு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிரும். ஏறுடா."

முதலில் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஜனங்கள் பிரிட்ஜையும் மெத்தையையும் பன்றிக்கூண்டையும் இழுத்து வந்து சந்து வாயில் குவித்துவிட்டார்கள். பச்சை வண்டி அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் மூன்று பேர் எங்கள் குழாயைப் பிடித்து ஆளுக்கொரு திசையில், அவரவர் வீட்டுக்கு இழுத்தார்கள். தெர்யோ இறங்கி ஒருவனை எட்டி உதைத்துக் குழாயைப் பிடுங்கித் தன் வீட்டு ஜன்னலுக்குத் திருப்பினான். சாபிங் அங்கே நின்றிருந்தாள். அவள் கை ஆட்டியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பம்பின் முள்ளைப் பார்த்தேன்.

குழாய் தொய்ந்தது. தெர்யோ அதை உதறினான், உலுக்கினான், என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தண்ணீர் இல்லாத வண்டி என்று ஒருவன் கத்தினான், இன்னொருவன் செருப்பைக் கழற்றித் தெர்யோ முகத்தில் அடித்தான். பச்சைப் படைக்காரர்கள் சாமான்களுக்கு மேலே குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து சேர இன்னும் ஒன்பது நிமிஷம் ஆனது. அதற்குள் மாடி கீழே வந்துவிட்டது.

கூடைப்பந்து மைதானத்தில் சாபிங்கின் சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் துக்கவீட்டு வழக்கப்படி ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் காப்பியும் பிஸ்கட்டும். மூன்றாம் நாள் மதியம் ஓங் முதலாளி பேனரோடு வந்தார். அதில் தெர்யோ குழாயோடு நிற்கிற போட்டோ, மேலே பெரிய எழுத்தில் முதல் தண்ணீர். அதைச் சவப்பெட்டிக்குப் பின்னால் கட்டச் சொன்னார். கட்டினார்கள். தெர்யோ அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

பிறகு பூரா என்கிற பக்கத்து வீட்டு அக்கா அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"பின்பக்க ஜன்னல்லேருந்து எங்க கூரைக்குப் பலகை போட்டிருந்தோம் தம்பி. சாபிங் அதுல ஒரு காலை வச்சுட்டா. அதுக்குள்ள உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. காலை எடுத்துட்டு முன்பக்கம் ஓடினா. 'அவர் வந்துட்டாரு, இனிமே எதுக்கு'ன்னா. உன் மேல அவ்வளவு நம்பிக்கை தம்பி அவளுக்கு."

தெர்யோ தலையை ஆட்டினான். காப்பி குடிச்சுட்டுப் போங்கக்கா என்றான்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுத்தப் பொய். எங்கள் வினை எங்களை ஒன்றும் செய்யவில்லை. துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளைச் சுட்டது.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து அவன் வேலைக்கு வந்த அன்றே அடுத்த தீ. அவன் வருவதற்கு முன்பே டேங்கைக் கழுத்து வரை நிரப்பி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் வளைவில் பாரம் அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. சைரன் அலற அலற வண்டியை ஓரம் கட்டினான். பச்சை வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

"ரொப்பிட்டியா?"

ஆமாம் என்றேன். 

"இன்னைக்கு முழுசா கொண்டு போகலாம்னா, அன்னைக்கும் கொண்டு போயிருக்கலாம்னு ஆயிடுமேடா. அப்புறம் நான் எப்படி இருக்கிறது?"

அழவில்லை அவன். திற என்றான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் இறங்கிப் போய் வால்வைத் திறந்தேன். பாதி இறங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். அந்தத் தீக்கு மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தோம்.