வெப்பவியல் காதல் பாட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், மைசூரில் காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்த ஓர் ஆடி மாதச் சாயங்காலம். மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்த அறையில் மூன்று பேர் கூடியிருந்தோம். ஒருவர் இயற்பியல் பேராசிரியர். இன்னொருவர் ஆர்மோனியம் வாசிக்கும் பிளைவுட் வியாபாரி. எனக்கு இயற்பியலும் தெரியாது, ஆர்மோனியமும் தெரியாது. ஆகவே நான் பாடகன்.

பழைய காதல் பாட்டு மெட்டுகளில் இயற்பியலை ஏற்றிப் பாடுவது எங்கள் பொழுதுபோக்கு. ஈர்ப்பு விசையைத் தாலாட்டாகக்கூடப் பாடியிருக்கிறோம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்துவிட்டன. அன்றைக்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. பேராசிரியர் எழுதிய பல்லவி, "எல்லாம் ஒரே சூடாய் ஆகும் கண்ணே, அப்புறம் ஒன்றும் நடக்காது."

செல்போனில் பதிவு செய்வதாக ஏற்பாடு. ஆட்டோ ஹாரன் கேட்கக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் கோணிச்சாக்கை அடைத்தோம். குளிருக்காக அறையின் நடுவில் ஒரு கரியடுப்பு. அதில் வேர்க்கடலை வறுத்துக்கொண்டே பாட ஆரம்பித்தோம்.

பாடினோம், சிரித்தோம். கண்ணில் நீர் வழியச் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. தலை வலித்தது, என் குரலைக் கேட்டால் யாருக்கும் வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று கதவு படாரெனத் திறந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் கன்னடக்கார நர்ஸ். எங்கள் சத்தத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் பலமுறை புகார் செய்தவர். உள்ளே ஓரடி வைத்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் தள்ளித் திறந்தார்.

"ஏளி, ஏளிண்ணா, எழுந்து வெளிய வாங்க. கரியைப் பத்தவச்சுட்டுக் கதவைச் சாத்துவாங்களா யாராவது?"

எழுந்தேன் என்றுதான் நினைத்தேன். கால்கள் என்னோடு வரவில்லை. பேராசிரியர் புன்னகையோடு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டதும் அப்படியே சரிந்தார். அவரை வெளியே இழுத்துப்போட்டது, ஆட்டோ பிடித்தது, ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னது எல்லாம் அந்த அம்மாள்தான். மூன்று பேரும் பிழைத்தோம். மூடிய அறையில் கரி எரிந்து வந்த விஷவாயு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பேராசிரியர் இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் நன்றி சொல்லப் போனபோது, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"டியூட்டிக்குக் கிளம்பிட்டேண்ணா. ஒரே வரியத் திருப்பித் திருப்பிப் பாடிட்டே இருந்தீங்க. எப்பவும் வரிக்கு வரி சிரிச்சு என் உயிர வாங்குவீங்க இல்லையா? நேத்து சிரிப்பே இல்ல. அதான் பயமா இருந்துச்சு."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து செல்போனில் பதிவைப் போட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் மூன்று குரல்களும் அந்த ஒரே வரியைப் பாடுகின்றன, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெதுவாக. பிறகு இரண்டு குரல்கள். கடைசியில் என் குரல் மட்டும். எங்கேயும் சிரிப்பு இல்லை.

என் நினைவிலோ நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இப்போதெல்லாம் மிகவும் சந்தோஷமாக இருப்பதாகத் தோன்றினால், அது உண்மைதானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.