கோயிலுக்கு வெளியே நின்ற கிரேசி

முட்டத்தில் கருவாடு போடுகிற கிரேசிக்கு உப்பின் மேல் பெரிய நம்பிக்கை. சூரையோ வாளையோ, கீறிக் குடலை எடுத்து, உப்பை அள்ளித் தேய்த்துத் தொட்டியில் அடுக்கினால் போதும். மீனுக்குள் கிடக்கிற தண்ணீரெல்லாம் தானே இறங்கி வந்துவிடும். வீங்கிக் கிடந்த சதை சுருங்கி இறுகிவிடும். ஆண்டவர் படைத்ததில் உப்பைப் போல உபகாரமான சாமான் வேறொன்று இல்லை என்பாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கெடுத்தது.

அவள் நாலு பெற்றவள். இரண்டு தங்கவில்லை. மூத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இளையவள் பெபிஷா தினமும் நாகர்கோவிலுக்குப் போய் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வீட்டுக்காரன் சிலுவைதாசன் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்குக் கல்லறை எங்கே கட்டுவது? வருஷந்தோறும் அவன் போன நாளில் கிரேசி ஒரு பூசை வைப்பாள். பூசை தொடங்கும்போது சாமியார் அவன் பெயரை வாசிப்பார். அந்தப் பெயர் காதில் விழுகிற நேரம்தான் அவளுக்குக் கல்லறை. மெழுகுதிரி கொளுத்த வேறு இடம் அவளுக்குக் கிடையாது.

அந்த நேரத்திலும் கோயிலுக்குள் உட்கார முடியாத காலம் வந்தது.

பேறுகாலத்தில் முக்கின முக்கும், மீன் நிறைந்த கடவப் பெட்டியைத் தூக்கின தூக்கும், பொழுதெல்லாம் குந்தியிருந்து மீன் கீறினதும், வெளிக்கு இறுகிப்போய்ப் பட்ட பாடும் சேர்ந்து அவளுடைய இடுப்பின் அடி தளர்ந்துபோயிற்று. ஆரம்பத்தில் வெளிக்கு இருக்கும்போது ஆசனவாய் வழியாகக் கொஞ்சம் சதை எட்டிப் பார்க்கும், எழுந்ததும் தானே உள்ளே போகும். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுக் கையால் தள்ள வேண்டிவந்தது. போகப்போக இருமினால் வந்தது, கடவத்தைத் தூக்கினால் வந்தது. சளியும் ஈரமும் எப்போதும் ஒழுகின. சில நாள் அவள் அறியாமலே மலமும் கசிந்தது. பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கருவாட்டுக் களத்தில் அவளுக்கு வெட்கமில்லை. மீன் வாடைக்குள் அந்த வாடை யாருக்குத் தெரியப்போகிறது? கோயிலுக்கு வரும்போதுதான் பாடு. குளித்து, வெளுத்த சேலை உடுத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற இடம் அது. அங்கே ஒளிந்துகொள்ள மீன் இல்லை. அதனால் மதிலோரம், ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பூசை கண்டாள். சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பத்தை வாங்கவும் போகமாட்டாள். அழுக்கு உடம்போடு ஆண்டவரை எப்படி நாக்கில் வாங்குவது என்பது அவளுடைய எண்ணம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளாகவே நினைத்துக்கொண்டது.

ஊர் வேறு விதமாகப் பேசியது. பங்குச் சாமியாரோடு பிணக்கம் என்றார்கள். கடல்மேல் உள்ள கோபத்தை ஆண்டவர்மேல் காட்டுகிறாள் என்றார்கள். ஆட்டோ ஓட்டுகிற மரியஜான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைப் பை பிடிப்பவன். வெளியே நிற்பவர்களையும் விடமாட்டான். ஒருநாள் பையை நீட்டிக்கொண்டே, “எக்கா, உள்ள ஃபேன் ஓடுகு. நீ வெளியில நிண்ணு ஆண்டவருக்குக் காவலா?” என்றான். கிரேசி சிரித்துக்கொண்டு காணிக்கை போட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஒரே ஒருதரம் ஒரு கிளினிக்குக்குப் போனாள். மூலம் என்று அவளே சொன்னாள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். படுத்தால் அது உள்ளே போய்விடும், வெளியே என்ன தெரியும்? இவ்வளவு நீளத்துக்கு வருகிறது என்று சொல்ல வாய் எழவில்லை. மூலம்தான் என்று சொல்லிக் களிம்பும், கீரை தின்கிற புத்தியும் கொடுத்தார்கள். களிம்பு தீர்ந்தது. அத்தோடு ஆஸ்பத்திரிப் பேச்சையும் விட்டாள்.

பங்குனி வெயில் காய்ந்த ஒரு மத்தியானம், வெளிக்கு இருந்தவளுக்கு வந்தது வந்ததுதான், உள்ளே போகவில்லை. தள்ளத் தள்ள வீங்கிக்கொண்டே வந்தது. சிவந்து உருண்டு, தொட்டால் தன் உடம்பு என்றே தோன்றாமல் தொங்கியது. கிரேசி மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு வீட்டுக்குள் நகர்ந்து வந்து, மூலையில் இருந்த உப்புச் சாக்கைப் பார்த்தாள். வீங்கிய சதையில் தண்ணீர்தானே இருக்கிறது, உப்பு இழுத்துவிடும் என்று நினைத்துவிட்டாள். கருவாடு போடுகிறவளுக்கு வேறெப்படி நினைக்கத் தோன்றும்? ஒரு கை அள்ளி வைத்தாள்.

அன்றைக்குக் கடை விடுப்பில் வீட்டில் இருந்த பெபிஷா ஓடிவந்து பார்த்தபோது, துவர்த்துத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு தாய் தரையில் சுருண்டு கிடந்தாள். மகள் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அறியாமல் போனோமே என்கிற திகைப்பில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மரியஜானின் ஆட்டோதான் வந்தது. உட்கார முடியாததால், கிரேசி ஆட்டோவின் தரையில் முழங்காலிட்டு, சீட்டில் முகம் புதைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போனாள். மரியஜான் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன தீனம் என்று கேட்கவும் இல்லை. பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் வண்டியைப் பைய விட்டான்.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டரம்மா பார்த்தாள். உப்பு எரித்த இடங்களைக் கழுவினாள். யார் இதைப் போட்டது என்று கேட்டாள். குடல் கறுத்துப் போயிருந்தால் இப்போதே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், நல்லவேளையாகக் கறுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சீனி கொண்டுவரச் சொன்னாள்.

பெபிஷா தாயைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நர்ஸ் ஷைஜா அவளைச் சமாதானப்படுத்தினாள். சீனியும் நீரை இழுக்கும், உப்பைப் போல இப்படி எரித்துப் புண்ணாக்காது, வீக்கம் வற்றினால் உள்ளே தள்ளலாம் என்றாள். வெந்த இடத்தை விட்டு மற்ற இடத்தில் சீனியைத் தூவி ஈரத்துணியால் மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் நீர் வடிந்தது. டாக்டரம்மா மெதுவாக அழுத்த, அது உள்ளே போயிற்று.

குப்புறக் கிடந்த கிரேசி தலையணைக்குள் முனகினாள்.

“எனக்க கணக்கு சரிதான் பிள்ளே. சாமானத்ததான் மாத்திப் போட்டேன்.”

“கணக்கு தெரிஞ்ச ஆளு முதல்லேயே இங்க வந்திருக்கணும் எக்கா” என்றாள் ஷைஜா.

புண் ஆறினபிறகு டாக்டரம்மா வேறு விதமாகப் பரிசோதித்தாள். கழிவறையில் குந்தி முக்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததைப் பார்த்தாள். மூலம் என்றால் தனித்தனி முண்டாக இருக்கும், இது வட்டம் வட்டமாக மடிப்பு விழுந்து முழுச்சுற்றும் வருகிறது, இது மூலமே இல்லை என்றாள். சட்டைக் கையை உள்ளேயிருந்து இழுத்தால் புரண்டு வெளியே வருமே, அதுபோல மலக்குடலே புரண்டு இறங்கிவிட்டது என்று தாய்க்கும் மகளுக்கும் விளக்கினாள். களிம்பில் தீராது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, குடலை மேலே தூக்கி, இடுப்புக்குப் பின்னால் உள்ள எலும்போடு ஒரு வலைத்துண்டு வைத்துத் தைக்க வேண்டும் என்றாள்.

“கடல்ல போட்ட வலையெல்லாம் போதாதுண்ணு எனக்க வயித்துக்குள்ளயுமா?” என்றாள் கிரேசி. பெபிஷாவுக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது.

ஆனால் கிரேசி சிரிக்கவில்லை. அவளுக்குக் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது.

“டாக்டரம்மா, இது செஞ்சா ஒரு பூசை முழுக்க எனக்குக் கோயிலுக்குள்ள இருக்க முடியுமா?”

டாக்டரம்மா உள்ளதைச் சொன்னாள். குடல் வெளியே வருவது நின்றுவிடும், அநேகமாகத் திரும்ப வராது, ஆனாலும் வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது என்றாள். கசிவுதான் சங்கடம். பல வருஷமாக இழுபட்டு இழுபட்டு ஆசனவாயை இறுக்குகிற தசை அயர்ந்துபோயிற்று. அது கொஞ்சம் தேறலாம், மாதக்கணக்காகும், முழுக்கத் தேறாமலும் போகலாம். முன்னமே வந்திருந்தால் நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன் என்றாள். கிரேசி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் சம்மதம் என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு முதல்முறை வெளிக்குப் போக அவள் பயந்த பயம் ஆண்டவருக்குத்தான் தெரியும். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு போனாள். எதுவும் இறங்கவில்லை. கதவுக்குள் நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

அதோடு பாடு தீர்ந்ததா? தீரவில்லை. கடவம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்றார்கள். குந்தியிருந்து மீன் கீறுகிற வேலை போயிற்று. இப்போது ஸ்டூலில் இருந்து காயும் கருவாட்டுக்குக் காக்கா விரட்டுகிறாள். கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வயிறு இளகின நாளில் பழையபடிதான்.

சிலுவைதாசனுடைய நாள் வந்தது. கிரேசி முந்தின இரவு கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள். துணி வைத்து, மாற்றுத்துணியைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கவாசலை ஒட்டின கடைசி பெஞ்சில் போய் இருந்தாள். பெபிஷா அருகில் இருந்தாள். சில தலைகள் திரும்பின. சாமியார் சிலுவைதாசன் பெயரை வாசித்தார். ஒலிபெருக்கியில் கரகரத்துக் கேட்ட பெயரை, இப்போது மனிதக் குரலாகக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பாதிப் பூசையில், எல்லாரும் முழங்காலில் நின்று கோயிலே மௌனமாய் இருந்த நேரத்தில், அவளுக்குக் கசிந்தது. பெபிஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு எழப்போனாள்.

“நீ இரி மக்கா” என்றாள் கிரேசி.

பையை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கழிவறையில் கழுவித் துணி மாற்றினாள். திரும்பி வருகிற வழியில் அந்த மதிலும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவள் நின்று நின்று தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. உள்ளே நன்மை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பாட்டுக் கேட்டது. கிரேசி மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தண்ணீரில் கழுவினால் போய்விடுகிற அழுக்கு பாவமாக இருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நன்மை வாங்குகிற வரிசை முடியப்போகிற நேரம். கடைசியில் நின்ற மரியஜான் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஒதுங்கி, அவளைத் தனக்கு முன்னால் விட்டான்.