சகலை வீட்டு அடுப்பு

மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போன அன்று எலெக்ட்ரீஷியனுக்கு வயிறு பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்தது வேறு யாருமல்ல, அவருடைய சகலைதான். மனைவியின் தங்கை புருஷன், பேங்க்கில் கேஷியர். மாமனாருக்கென்றே கொல்லையில் தனி அறை கட்டியிருந்தார்.

மாமனார் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்து ஓய்ந்தவர். மாமியார் போனபிறகு எலெக்ட்ரீஷியன் வீட்டு ஹாலில்தான் கட்டில் போட்டிருந்தார். சாயங்காலமானால் இருவரும் கேரம் ஆடுவார்கள். தோற்றுவிட்டால், "போங்காட்டம் ஆடுறீங்க மாப்பிள்ளை!" என்று சண்டைக்கு வருவார். இப்போது காய் மோதும் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. கூடவே சகலையின் சிரிப்பும்.

அந்த அறைக்கு வயரிங் செய்தவரே இவர்தான். உறவாயிற்றே, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மின்சார அடுப்புக்குப் பாயின்ட் வைத்தபோதே நகராட்சி விதி ஞாபகம் வந்தது. அந்தத் தெருவில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான். கொல்லையில் ஷெட் போடலாம், படுக்கையறை கட்டலாம். அடுப்பு வைத்தால் அது இரண்டாவது வீடாகிவிடும். இப்போது நகராட்சிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார், பெயர் சொல்லவில்லை.

கட்டட ஆய்வாளர் வந்தார். மதிலிலிருந்து அறை போதுமான அளவு தள்ளியிருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்தார். அதில் குறையில்லை.

"ரூம் இருக்கட்டும் சார். அடுப்பை மட்டும் எடுத்துடுங்க."

அதைக் கழற்றவும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். உள்ளுக்குள் ஒரே குளுகுளு.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. அடுப்பு போனதும் மாமனார் மூன்று வேளையும் சகலையின் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்பாவது தான் சமைத்ததில் ஒரு பாத்திரத்தை மதில்மேல் வைத்து, "மாப்பிள்ளை!" என்று குரல் கொடுப்பார். அதுவும் நின்றது.

"எந்த வயித்தெரிச்சல் பிடிச்சவன் வேலையோ," என்றாள் மனைவி, இவர் முகத்தைப் பார்க்காமல். "உங்களுக்கு பிரஷர்னு எங்கப்பா உப்பைக் குறைச்சுல்ல சமைப்பாரு."

சோறு இறங்கவில்லை. மறுநாள் நகராட்சிக்கு நேரிலேயே போய் அடுப்பைத் திரும்ப வைக்க வழி கேட்டார்.

"சொந்த அப்பா, மாமனார்னா விசேஷ அனுமதி உண்டு. வாடகைக்கு விடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும்," என்றார் ஆய்வாளர். "அது மூலை வீடாச்சே. பக்கத்துல ஒரே வீடுதான். யாரு அது?"

"நான்தான்."

ஆய்வாளர் நிமிர்ந்தார். "உங்க குரலைப் போன்ல கேட்ட மாதிரி இருக்கே."

எலெக்ட்ரீஷியன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அனுமதி வந்தது. அடுப்பை அவரே திரும்ப மாட்டினார். அன்று மாமனார் எல்லோரையும் அறையில் உட்காரவைத்துப் பரிமாறினார்.

"புகார் பண்ணது யாரா வேணா இருக்கட்டும். அலைஞ்சு சரிபண்ணது என் மூத்த மாப்பிள்ளை," என்று தோளைத் தட்டினார். இவர் தட்டில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார். ஆனால் அடுத்த கரண்டி சகலையின் தட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்ததும் அங்கேயே.

"என்ன மாமா, அவருக்கு மட்டும் ரெண்டு தடவை?"

வாய் தானாகக் கேட்டுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.